முதலில் சொல்லு, அப்புறம் பார்!
கேள்வி – பதில்: ஓய்வுபெற்ற இயற்பியல் டீச்சர்

சோதனையைச் செய்து காட்டுவதற்கு முன்னால் "என்ன நடக்கும், சொல்லு பார்ப்போம்" என்று பிள்ளைகளைக் கணிக்கவைக்கும் விளையாட்டைப் பற்றிப் போன இதழில் இரண்டே பத்தி எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த இதழ் முழுக்க அதற்கே போய்விடும் போலிருக்கிறது. போகட்டும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்தும் நீளமான கடிதங்களைச் சுருக்கியும் பதில் சொல்லியிருக்கிறேன்.

டீச்சர், ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வாரத்துக்கு ஒரு சோதனையாவது செய்து காட்டாமல் விடுவதில்லை. பிள்ளைகள் கைதட்டி ரசிக்கிறார்கள். ஆனால் ஒரு மாதம் கழித்து அதையே கேட்டால் பழைய தப்பையே எழுதுகிறார்கள். எங்கே கோட்டை விடுகிறேன்?
– ஆசிரியை, மணப்பாறை

கைதட்டுகிறார்கள் என்கிறீர்களே, அங்கேதான். வித்தை காட்டுகிறவருக்கும் கைதட்டுவார்கள். எப்படி நடந்தது என்று வீட்டுக்குப் போய் யாரும் யோசிப்பதில்லை.

ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு எவர்சில்வர் தட்டும் ஒரு சப்பாத்திப் பலகையும் கொண்டுவாருங்கள். முந்தின நாளே இரண்டையும் வகுப்பு மேஜையில் வைத்துவிட்டுப் போங்கள். காலையில் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டு சில்லென்று இருக்கிறது, பலகை அப்படி இல்லை என்பார்கள். இப்போது ஒரே அளவில் இரண்டு ஐஸ் கட்டிகள். தட்டில் ஒன்று, பலகையில் ஒன்று வைக்கப்போகிறோம். எது முதலில் கரையும்? இங்கேதான் நிறுத்த வேண்டும். ஒவ்வொருவரும் நோட்டில் விடையையும், "ஏனென்றால்" என்று தொடங்கி ஒரு வரிக் காரணத்தையும் எழுதும்வரை ஐஸ் டப்பாவைத் திறக்காதீர்கள்.

பாதிக்கு மேல் பலகை என்றுதான் எழுதுவார்கள். காரணம் படித்தால் ஆசையாக இருக்கும்: "தட்டு ஏற்கெனவே ஜில்லுனு இருக்கு மிஸ், அதுல ஐஸ் பத்திரமா இருக்கும்." எவ்வளவு ஒழுங்கான யோசனை பாருங்கள்! தொட்டதை நம்பி, அதிலிருந்து முறையாகத்தான் அந்தப் பிள்ளை முடிவுக்கு வந்திருக்கிறது. முடிவு தப்பு, அவ்வளவுதான்.

வைத்ததும் சில நிமிடத்திலேயே தட்டில் தண்ணீர் ஓடத் தொடங்கும். பலகையில் இருக்கும் கட்டிக்கு விளிம்புகூட மழுங்கியிருக்காது. உடனே ஒரு குரல் வரும்: "பலகையில வச்ச கட்டி பெருசு மிஸ்!" திட்டாதீர்கள், அந்தச் சந்தேகம் தங்கம். சரி, இன்னொரு ஜோடியை நீயே பொறுக்கி நீயே வை என்று சொல்லுங்கள். மறுபடியும் தட்டுதான் ஜெயிக்கும். அப்புறம் ஐஸையும் தண்ணீரையும் துடைத்து, பழைய நிலைக்கு வரும்வரை விட்டுவைத்து, தட்டிலும் பலகையிலும் வெப்பமானியை வைத்து எடுங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலை காட்டும். தட்டு ஜில்லென்று இருந்ததாகத் தோன்றியது, அது நம் கையிலிருந்து வெப்பத்தைச் சட்டென்று இழுத்துக்கொண்டதால். ஐஸுக்கும் அதே வேகத்தில் வெப்பத்தைக் கொடுக்கிறது. மரம் எடுப்பதிலும் மெதுவு, கொடுப்பதிலும் மெதுவு.

இதையே எழுதவைக்காமல் காட்டினால் என்ன ஆகும் தெரியுமா? "உலோகம் வெப்பத்தைக் கடத்தும், தெரியுமே" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். தான் வேறு மாதிரி நினைத்திருந்தோம் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடும். தெரியாத தப்பை எப்படித் திருத்துவது? அது அப்படியே உள்ளே குடியிருந்து, ஒரு மாதம் கழித்து உங்கள் விடைத்தாளில் எட்டிப்பார்க்கும்.

இது என் சொந்தச் சரக்கு மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் வைட், கன்ஸ்டன் என்ற இருவர் "கணி, கவனி, விளக்கு" என்று இதற்கு ஒரு முறையே வகுத்து 1992-ல் புத்தகமாக எழுதினார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டில் எரிக் மசூரும் கூட்டாளிகளும் இயற்பியல் மாணவர்களிடம் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். செய்முறையைச் சும்மா வேடிக்கை பார்த்தவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் விளக்கிவிடவில்லை. முன்கூட்டியே கணித்துவிட்டுப் பார்த்தவர்கள்தான் தேறினார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கே அந்தக் கதி என்றால் ஆறாம் வகுப்பை நொந்துகொள்வானேன்?

அடுத்த வாரத்துக்கு ஒன்று தருகிறேன். ஒரு ஐஸ் கட்டியைக் கம்பளியில் சுற்றுங்கள், இன்னொன்றைச் சும்மா வையுங்கள். கம்பளி சூடாச்சே, அதில் சுற்றினது சீக்கிரம் கரையும் என்று எழுதுவார்கள். முடிந்த பிறகு, ஐஸ் பாரை ஏன் மரத்தூளிலும் சாக்கிலும் மூடி வைக்கிறார்கள் என்று கேளுங்கள். மீன் மார்க்கெட்டுக்குப் போய்வருகிற பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

வகுப்பில் 48 பேர், பீரியட் 40 நிமிடம், ஆய்வகம் என்று ஒரு பூட்டிய அறை இருக்கிறது. நீங்கள் சொல்வது பத்துப் பேர் இருக்கும் வகுப்புக்குத்தான் சரிப்படும். எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி?
– பட்டதாரி ஆசிரியர், செய்யாறு

கூட்டம் இருந்தால்தான் ஐயா இந்த விளையாட்டு களைகட்டும். பத்துப் பேர் கணித்தால் வாக்குவாதம் வராது.

ஜப்பானில் கியோனோபு இதாகுரா என்பவர் 1963-லேயே இதை வகுப்பு முழுவதற்குமான முறையாகக் கொண்டுவந்தார். நடைமுறை எளிது. ஒரு கேள்வி, மூன்று நான்கு விடைகள். ஒவ்வொருவரும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த விடைக்கு எத்தனை கை என்று எண்ணிக் கரும்பலகையில் எழுத வேண்டும். பிறகு காரணம் சொல்லிச் சண்டை போடலாம். சண்டை முடிந்ததும் கட்சி மாற விரும்புகிறவர்கள் மாறலாம். கடைசியில்தான் சோதனை. அதுவரை ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. நமக்கு அதுதான் பெரிய கஷ்டம்!

அவருடைய தொடக்கப் பாடத்தில் ஒரு கேள்வி வரும். எடைமெஷினில் இரண்டு காலில் நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, குத்துக்காலிட்டு உட்கார்வது, எதில் எடை அதிகம் காட்டும்? ஆய்வகச் சாவியே வேண்டாம், சத்துணவுக் கூடத்திலோ பக்கத்துக் கடையிலோ ஒரு எடைமெஷினை இரவல் வாங்கினால் போதும். ஒற்றைக் காலில் எடை முழுதும் ஒரே இடத்தில் இறங்குகிறதே, அதனால் கூடும் என்று ஒரு கட்சி, பாதிக் கால்தானே தொடுகிறது, குறையும் என்று இன்னொரு கட்சி. மூன்றிலும் ஒரே எடைதான். ஆடாமல் நிற்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முள் ஆடுவதை வைத்தே ஒரு கட்சி வழக்காட வரும்.

கை தூக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் ரேங்க் வாங்கும் பிள்ளை எங்கே தூக்குகிறதோ அங்கேதான் மொத்த வகுப்பும் தூக்கும். அதனால் முதலில் எழுத்து, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சுக்கு நேரே விரல் காட்டுவது. அ-வுக்கு ஒன்று, ஆ-வுக்கு இரண்டு. நீங்கள் எண்ணிக்கொள்ளலாம், யார் யார் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று: எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். இலையின் பாகங்களைக் கணிக்க என்ன இருக்கிறது? பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் இருந்து, அது தப்பாகவும் இருக்கும் இடங்கள்தான் இதற்கு வாகு. வெப்பம், மிதத்தல், எடை, மின்சாரம், நிழல். மற்றதை வழக்கம்போல நடத்திவிட்டுப் போங்கள்.

போர்ஷன் முடிக்க வேண்டாமா?
– பெயர் வேண்டாம், தருமபுரி

வேண்டும். ஹார்வர்டு ஆய்வில் கணிக்கவைக்க ஒரு செய்முறைக்குக் கூடுதலாக ஆனது இரண்டு நிமிடம்போலத்தான்.

என் மகன் எட்டாவது படிக்கிறான். "இன்னிக்கு மழை கணிப்புல எனக்கு 9 பாயின்ட்தான்மா, அவனுக்கு 49" என்று வந்து சொல்கிறான். பள்ளிக்கூடத்திலேயே பந்தயம் கட்டச் சொல்லிக்கொடுக்கிறார்களா? ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பயமாக இருக்கிறது டீச்சர்.
– ஒரு தாய், சிவகாசி

உங்கள் பயத்தைத் தப்பு சொல்ல மாட்டேன் அம்மா. அந்தச் சூதாட்டத்துக்குத் தடை போட்டு 2022-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. மிட்டாய், பேனா, பத்து ரூபாய் என்று எதையாவது பணயம் வைத்து ஆடினால் நானே வந்து நிறுத்தச் சொல்வேன்.

ஆனால் உங்கள் மகன் சொன்ன எண்களைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுடைய ஆசிரியர் விவரமானவர். 9 வாங்கியது கெட்டிக்காரத்தனம் அம்மா, 49 வாங்கியவன்தான் கோட்டை விட்டவன். அது அபராதப் புள்ளி, குறைவாக வாங்க வேண்டும்.

கணக்கு இப்படி. நாளைக்கு மழை வருமா என்று 0-வில் இருந்து 10-க்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். கட்டாயம் வரும் என்றால் 10, வரவே வராது என்றால் 0, தெரியவில்லை என்றால் 5. மழை வந்தால் உங்கள் எண்ணுக்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்தை அதனாலேயே பெருக்கினால் அபராதம். வராவிட்டால் உங்கள் எண்ணையே அதனால் பெருக்க வேண்டும். பையனும் அவன் நண்பனும் மழை வந்த ஒரு நாளில் கணித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். உங்கள் மகன் 7 சொல்லியிருக்கிறான், வித்தியாசம் 3, அபராதம் 9. நண்பன் 3 சொல்லியிருக்கிறான், வித்தியாசம் 7, அபராதம் 49.

இதில் அளந்து பேசுகிறவன்தான் தப்பிப்பான். பத்து நாளில் ஏழு நாள் மழை பெய்கிற ஒரு சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் 7 சொன்னவனுக்கு மொத்த அபராதம் 210. எதற்கு வம்பு என்று தினமும் 5 சொன்னவனுக்கு 250. "கட்டாயம் வரும்" என்று தினமும் 10 சொல்லி அடித்த வீரனுக்கு 300. ஒரே ஒரு நாள் 10 சொல்லி மழை வராமல் போனால் அன்றைக்கே 100 விழும். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மனதில் நிஜமாக எவ்வளவு நம்பிக்கை இருக்கிறதோ அதையே சொல்வதுதான் லாபம், கூட்டிச் சொன்னாலும் அடி, குறைத்துச் சொன்னாலும் அடி. அமெரிக்க வானிலைத் துறையில் இருந்த கிளென் பிரையர் 1950-ல் வானிலை அறிவிப்புகளை மதிப்பிட இப்படி ஒரு கணக்கைத்தான் முன்வைத்தார். சூதாட்டக்காரன் மனசு "இந்த முறை கட்டாயம் அடிக்கும்" என்று சொல்லும். இந்தக் கணக்கில் பழகிய பையனுக்கு "கட்டாயம்" என்ற சொல்லைப் பார்த்தாலே கொஞ்சம் உதறும்.

மழை பெய்ததா இல்லையா என்பதற்கும் ஒழுங்கான அளவு வைத்திருக்கிறார்களா என்று பையனைக் கேளுங்கள். இரண்டு துளி விழுந்ததை வைத்துச் சண்டை வரும். நம் வானிலை ஆய்வுத் துறைக்கு ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. அதற்குள் 2.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் அது மழை நாள். டிவியில் "கனமழை" என்று சொல்வதற்கும் எல்லை இருக்கிறது: 64.5 மில்லிமீட்டரில் தொடங்கும். "அதி கனமழை" என்றால் 204.5 அல்லது அதற்கு மேல். இதெல்லாம் தெரிந்துவிட்டால் வீட்டில் செய்தி கேட்கும்போது உங்களுக்கே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவான், அதற்குத் தயாராக இருங்கள்.

அந்த மழையை அளக்க மழைமானி இல்லையே, என்ன செய்வது? பக்கெட் வைக்கலாமா?
– அறிவியல் மன்றப் பொறுப்பாசிரியர், சீர்காழி

பக்கெட் வேண்டாம். வாய் அகலம், அடி குறுகல். மேலே விழுந்தது கீழே ஒடுங்கி, ஆழத்தைக் கூட்டிக் காட்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் உள்ள டின் எதுவானாலும் சரி. மொட்டைமாடியில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வைத்து, ஸ்கேலை விட்டு அளந்தால் அதுதான் மில்லிமீட்டர்.

வைப்பதற்கு முன்னால் இதையும் ஒரு கணிப்பாக ஆக்கிவிடுங்கள். பெரிய பெயின்ட் டப்பா ஒன்று, சின்ன பால்பவுடர் டின் ஒன்று, இரண்டுக்கும் பக்கச்சுவர் நேர். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதில் தண்ணீர் உயரமாக நிற்கும்? பெரியதில் என்று ஒரு கூட்டம், சின்னது சீக்கிரம் நிரம்பும் என்று ஒரு கூட்டம். மறுநாள் அளந்தால் இரண்டிலும் ஒரே உயரம். பெரிய வாய் அதிகத் தண்ணீரைப் பிடிக்கிறது, ஆனால் அதே அளவுக்கு அகலமான தரையில் பரப்பியும் விடுகிறது. ஊர் முழுவதற்கும் பெய்த மழையை ஒரு சின்ன டின் எப்படிச் சொல்ல முடிகிறது என்பது பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் பிடிபடும். பரப்பளவு, கனஅளவு எல்லாம் பிறகு சாவகாசமாக வரட்டும்.

பிளஸ் டூ கணினி அறிவியலுக்குப் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி எடுக்கிறேன். போர்டில் எழுதிப்போட்ட புரோகிராமை அப்படியே டைப் அடிக்கிறார்கள், ஓடினால் சந்தோஷம், ஓடாவிட்டால் என்னைக் கூப்பிடுகிறார்கள். தொழில்நுட்பப் பாடத்திலும் கணிப்பு விளையாட்டு வருமா?
– கணினி ஆசிரியை, நாகர்கோவில்

அறிவியலைவிட இங்கே இன்னும் சுலபம் தங்கச்சி. ஐஸ் வாங்க வேண்டாம், பட்டனைத் தட்டினால் விடை வந்துவிடும். அதனால்தான் கெடுகிறார்கள் என்றும் சொல்லலாம். தட்டிப் பார்ப்பது இவ்வளவு சுலபமாக இருந்தால் எவன் யோசிப்பான்? இங்கிலாந்தில் சூ சென்டன்ஸ் என்ற கல்வியாளரும் உடன் இருந்தவர்களும் புரோகிராமிங்குக்கென்று ஒரு பாடமுறை வகுத்தார்கள். அதன் முதல் படியே கணிப்புதான். ஓட்டுவது அதற்கு அப்புறம். பிறகு துருவிப் பார்ப்பது, மாற்றிப் பார்ப்பது, கடைசியாகத்தான் சொந்தமாக எழுதுவது.

சின்னச் சின்ன வரிகளாகக் கொடுங்கள். மேற்கோள் குறிக்குள் "3", கூட்டல் குறி, மேற்கோள் குறிக்குள் "4". அச்சிட்டால் என்ன வரும்? 7 என்று எழுதுவார்கள். 34 வரும். எண்ணுக்கும் எழுத்துச்சரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அரை மணி நேரம் விளக்கியதைவிட அந்த 34 நன்றாக விளக்கும். அடுத்து 1-இலிருந்து 5 வரை என்று ரேஞ்ச் கொடுத்து, எண்களை வரிசையாக அச்சிடும் ஒரு லூப். எத்தனை எண் வரும்? ஐந்து என்பார்கள், 4-லேயே நின்றுவிடும். நன்றாகத் தேறியவர்களுக்கு ஒன்று வைத்திருங்கள்: 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3-க்குச் சமமா என்று பைத்தானையே கேட்பது. "இல்லை" என்று சொல்லும். ஏன் என்று கேட்டு விடாமல் துரத்துவார்கள். கணினி எண்களை இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் வைத்திருக்கிறது, அதில் 0.1-ஐ முழுமையாக எழுத முடியாது, நாம் மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுத முடியாமல் 0.333 என்று இழுப்பதுபோல. அன்றைக்கு நீங்கள் வேறு எதுவும் நடத்தத் தேவையில்லை.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வையுங்கள். கணிப்பைக் காகிதத்தில் எழுதிப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்த பிறகுதான் கீபோர்டில் கை வைக்கலாம். இல்லாவிட்டால் ஓட்டிப் பார்த்துவிட்டு "நான் அதைத்தான் நினைச்சேன்" என்பார்கள்.

ஆண்டுவிழாவுக்கு "2050-ல் தொழில்நுட்பம்" என்று மாணவர்களுக்குக் கணிப்புப் போட்டி வைக்கப்போகிறோம். ஆலோசனை சொல்லுங்கள்.
– தலைமையாசிரியர், திண்டிவனம்

அது கட்டுரைப் போட்டி ஐயா. பறக்கும் கார், ரோபோ டாக்டர் என்று எழுதுவார்கள், 2050-ல் யார் திருத்துவது? கணிப்பு என்றால் ஒரு எண்ணும் ஒரு தேதியும் வேண்டும். பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965-ல் எழுதியதைப் பாருங்கள். அப்போது ஒரு மின்னணுச் சில்லில் (சிப்) சுமார் 60 பாகங்கள்தான் இருந்தன. ஆண்டுக்கு இரண்டு மடங்கு கூடி 1975-ல் அது 65,000 ஆகும் என்றார். அப்படிச் சொன்னதால்தான் 1975-ல் அவரே கணக்குப் பார்த்து, இனி இரண்டு ஆண்டுக்கு இரண்டு மடங்கு என்று திருத்திக்கொள்ள முடிந்தது. உங்கள் பிள்ளைகளையும் கல்வியாண்டு முடிவதற்குள் சரிபார்க்கக்கூடியதாகக் கேளுங்கள். ஜூன் முதல் மார்ச் வரை இஸ்ரோ எத்தனை ராக்கெட் ஏவும்? பள்ளி மின்கட்டணம் எந்த மாதம் உச்சத்துக்குப் போகும்? உறையில் போட்டு ஒட்டி உங்கள் பீரோவிலேயே வையுங்கள். பரிசை ஆண்டுவிழாவில் கொடுக்காமல் உறை பிரிக்கிற அன்றைக்குக் கொடுங்கள்.

டீச்சர், நான் ஒன்பதாவது படிக்கிறேன். என் கணிப்பு எப்பவும் தப்பாகத்தான் வருது. பக்கத்தில் இருக்கிறவங்க சிரிக்கிறாங்க. இப்ப எழுதாம விட்டுடறேன்.
– மாணவி, ஊர் வேண்டாம்

எழுதாமல் விடாதே கண்ணு. உன்னைவிடப் பெரிய ஆள் ஒருவர் கதை சொல்கிறேன். பிரான்சில் லெவெரியே என்று ஒரு வானியலாளர். யுரேனஸ் கோள் கணக்குப்படி நகராமல் கொஞ்சம் விலகிப் போவதைப் பார்த்து, அதற்கு அப்பால் இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது, இந்த இடத்தில் பாருங்கள் என்று கடிதம் எழுதினார். 1846-ல் பெர்லினில் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் இருந்தது! அதே மனிதர் பிறகு புதன் கோளும் கணக்குப்படி நகராததைப் பார்த்தார். சரி, சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கோள் இருக்கிறது என்றார், வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. பல பேர் பல வருடம் தேடினார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. புதன் ஏன் அப்படி நகர்கிறது என்பதை 1915-ல் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கொள்கையை வைத்துச் சொன்னார். லெவெரியே எண்களை எழுதிவைத்ததால்தான் இடிக்கிற இடம் எது என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது.

சிரிக்கிறவர்களிடம் அவர்கள் எழுதிய காரணத்தைப் படித்துக் காட்டச் சொல். விடை சரியாக இருக்கும், காரணத்தைக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். இதைப் படிக்கும் உன் ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை: கணிப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். மதிப்பெண் வந்தால் பிள்ளைகள் தனக்குத் தோன்றுவதை விட்டுவிட்டு உங்களுக்குப் பிடித்ததை எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த முறை எங்களுக்கும் ஒரு கணிப்பு கொடுங்களேன்!
– பலர்

இந்தாருங்கள். ஒரே மாதிரி இரண்டு பலூன். ஒன்றை நன்றாகப் பெரிதாகவும், மற்றதை ஆரஞ்சுப் பழம் அளவுக்கும் ஊதிக்கொள்ளுங்கள். காற்று போகாமல் இரண்டின் கழுத்தையும் முறுக்கிப் பிடித்து, நடுவில் ஒரு சின்னக் குழாயை மாட்டி ரப்பர்பேண்டால் இறுக்கிவிடுங்கள். இப்போது முறுக்கை அவிழ்த்தால் காற்று எந்தப் பக்கம் போகும்? பெரியதிலிருந்து சின்னதுக்கா, சின்னதிலிருந்து பெரியதுக்கா, இல்லை அப்படியே நிற்குமா? அவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு அஞ்சலட்டையில் விடையையும் காரணத்தையும் எழுதித் தபாலில் சேர்த்துவிடுங்கள். அவிழ்த்துப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களைக் கையெழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். வெறும் விடை மட்டும் எழுதிய அட்டைகளைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.